வாய் சாரும் கை மேடமும்

அச்சகங்களிலும் விளம்பரக் கம்பெனிகளிலும் அந்தப் புருஷன் பெண்டாட்டியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவர் வாய் சார், அவள் கை மேடம். "வாயும் கையும் வந்தாச்சா? காபி சொல்லுங்கப்பா" என்பார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். கடைசியில் வாய் சாரே அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டு போகிற இடமெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "எங்க வீட்ல வரையறது அவங்க டிபார்ட்மென்ட், பேசறது என் டிபார்ட்மென்ட்." எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள். சிரிக்காமல் என்ன செய்வது? எழுந்து போய்க் கன்னத்தில் ஒன்று விடவா முடியும்?

சும்மா சொல்லக்கூடாது, அவள் கை படாத வீடு கிடையாது. பால் பாக்கெட்டில் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிற கன்றுக்குட்டி அவள் போட்டது. இருமல் மருந்து அட்டையில் போர்வைக்குள்ளிருந்து மூக்கை மட்டும் வெளியே நீட்டுகிற குழந்தை அவள் போட்டது. பள்ளிக்கூட அட்லஸின் அட்டை, டவுன் பஸ்ஸின் வயிற்றில் ஓடும் சிவப்புப் பட்டை, எல்லாம் அவள்தான். ஆனால் எதைத் திருப்பிப் பார்த்தாலும் கீழே பொடி எழுத்தில் இருப்பது ஸ்டூடியோவின் பெயர். ஸ்டூடியோவின் பெயர், வேறு என்ன, அவர் பெயர்.

உடனே அவளை வாயில்லாப் பூச்சி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் அவள் கத்த ஆரம்பித்தால் மிக்சி ஓடுகிற சத்தம் கேட்காது. பிரஷ் பறக்கும், ஸ்கேல் பறக்கும், ஒருமுறை ஒரு முழு மை புட்டியே பறந்து ஜன்னல் திரையில் போய் விழுந்தது. வெளியே வந்தால்தான் கை மேடம். கிளையன்ட் முன்னால் உட்கார்ந்ததும் அவர் பேசுவார், அவள் பென்சிலை எடுத்து வரைவாள். என்ன வரையப்போகிறாள் என்று முன்கூட்டி அவரிடம் சொல்வதில்லை, அவர் கேட்பதும் இல்லை. அவள் காகிதத்தில் எதைப் போடுகிறாளோ அதற்கு அவர் அந்த நிமிஷமே ஒரு காரணம் கண்டுபிடித்துச் சொல்வார். சொல்லி முடித்ததும் அவள் பக்கம் திரும்பி, "என்ன, சரியா சொன்னேனா?" என்பார். அவள் தலையை ஆட்டுவாள். கிளையன்ட் கையெழுத்துப் போடுவார். இதுதான் அவர்கள் தொழில் செய்கிற விதம்.

அந்த மனிதரின் திறமையையும் சொல்லத்தான் வேண்டும். ஒருநாள் காலையில் இரண்டு பேருக்கும் வீட்டில் பெரிய ரகளை. அவள் தூங்கும்போது அவளைக் கேட்காமல் அவள் தம்பியிடம் ஏதோ வாக்குக் கொடுத்துவிட்டார். அந்தக் கடுப்போடு போய் ஒரு சோப்புக் கம்பெனிக்காரர் முன்னால் உட்கார்ந்தார்கள். தாமரை வரும், ரோஜா வரும் என்று அவர் காத்திருக்க, இவள் வேண்டுமென்றே ஒரு காக்காயை வரைந்து அவர் முன்னால் தள்ளினாள். அண்டங்காக்காய். சோப்புக்காரர் வாயைப் பிளந்துவிட்டார். வாய் சார் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "காக்கா ஏன்னு கேக்கறீங்களா? தண்ணியக் கண்டா குளிக்காம போகாத பறவை சார் அது. ஒரு நாளாவது நின்னு பாத்திருக்கீங்களா? நாம கறுப்பு அழுக்குன்னு நினைக்கறோம். உங்க சோப்பு அந்த எண்ணத்தையே கழுவணும் சார்!" சோப்புக்காரர் அப்படியே விழுந்துவிட்டார். காக்கா சோப்பு கடை கடையாக விற்றது. அவளுக்குத்தான் அன்றைக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இந்த ஆளைத் திட்டி ஒரு படம் போட்டால், அதையும் விளக்கிச் சொல்லிக் காசாக்கிவிடுகிறாரே!

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் சங்கத்திலிருந்து போன் வந்தது. ஓவியத்திலும் வடிவமைப்பிலும் பேரெடுத்த பெண்களை வருஷா வருஷம் கூப்பிட்டு மேடையேற்றி, மேஜை மேஜையாக டிக்கெட் விற்று, அந்தப் பணத்தில் பெண்பிள்ளைகளைக் கலைக்கல்லூரிக்கு அனுப்புகிற சங்கம். இந்த வருஷம் கை மேடத்துக்குக் கௌரவம். அவளுக்கு மட்டும். ஸ்டூடியோவுக்கு இல்லை, வாய் சாருக்கு இல்லை. போனை வைத்ததும் அவர், "நல்ல விஷயம்தான். நம்ம ஸ்டூடியோவுக்கு நல்ல பேரு" என்றார். அன்றைக்கு முழுக்க அவர் வேறு எதுவும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் அந்த வீட்டில் கடிகாரம்கூடச் சத்தமாகக் கேட்கும்.

அவளுக்குக் கேடயமும் சால்வையும் ஒரு பொருட்டாகவே படவில்லை. ஆனால் சங்கத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. கௌரவிக்கப்படுகிற ஒவ்வொருத்தியும், வந்த விண்ணப்பங்களைப் பார்த்து, தானே ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பெண்ணின் கல்லூரிப் படிப்பு முழுக்கச் சங்கத்தின் பொறுப்பு. அது அவளைப் பிடித்து ஆட்டியது. படங்கள் ஒரு பெரிய பெட்டியில் வந்து இறங்கின. சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சமையல் கிடையாது, போன் கிடையாது. "என்னம்மா, பசிக்குது" என்று வந்த வாய் சாருக்குக் கண்ணாலேயே பதில் சொன்னாள்.

பெரும்பாலும் பார்த்துப் பார்த்து அலுத்த படங்கள்தான். சூரிய அஸ்தமனம், நடிகர் முகம், போட்டோவைப் பார்த்துக் கோடு கோடாக நகல் எடுத்தவை. அடியில் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கரியால் போட்ட ஒரு படம் இருந்தது. ஆஸ்பத்திரியில் ஆட்கள் காத்திருக்கிற கூடம். வரிசையாக நாற்காலிகள், எல்லாம் காலி. ஆனால் எந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது. ஒன்றின் கைப்பிடியில் குழந்தையின் துண்டு தொங்கியது. ஒன்று சுவரைப் பார்க்கத் திரும்பியிருந்தது. ஒன்றின் கீழே ஜோடி சேராத செருப்பு. அவள் அந்தத் தாளைக் கையில் எடுத்தவள் கீழே வைக்கவே இல்லை. "அடிப் பாவி, எங்கடி இருந்தே இத்தனை நாளா?" என்று வாய்விட்டே சொன்னாள்.

விண்ணப்பத்தில் இருந்த நம்பருக்கு அவளே போன் போட்டாள். எடுத்தது அந்தப் பெண்ணின் அம்மா, ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற பிரிவில் வேலை. "இந்த வருஷம் காலேஜ்ல சேரலன்னா எங்க அண்ணன் அவள அவரு மொபைல் கடைல உக்கார வெச்சுடுவாரு மேடம். அப்புறம் அவரு சொல்றதுதான். அடுத்த வருஷம்லாம் கிடையாது" என்றாள். கை மேடம், "கடைக்கெல்லாம் அனுப்ப வேணாம். விழாவுக்குக் கூட்டிட்டு வாங்க" என்றாள். அப்படி ஒரு வாக்கை அவள் வாழ்க்கையில் யாருக்கும் தானாகக் கொடுத்ததே இல்லை. வாக்குக் கொடுப்பதும் இத்தனை நாளும் அவர் டிபார்ட்மென்ட்டாகத்தானே இருந்தது? தேர்வு முடிவைச் சங்கத்துக்குச் சொல்கிற வேலையை மட்டும் வழக்கம்போல் அவரிடம் விட்டாள். அங்கேதான் மண் விழுந்தது.

விழா ஒரு ஓட்டலின் பெரிய கூடத்தில், மத்தியானம். மேடைக்குப் பின்னால் இருந்த ஒப்பனை அறையில், சுற்றிலும் பல்பு எரிகிற கண்ணாடி முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். சங்கத்தின் செயலாளர் அம்மா வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், நீங்க கடைசி நேரத்துல பொண்ண மாத்தினதுல எங்களுக்கு ரொம்ப நிம்மதி. பெயின்ட் கம்பெனிக்காரர் முன்வரிசை மேஜை அத்தனையும் வாங்கிட்டார். அவர் அண்ணன் பொண்ணுக்கே கிடைச்சதுல அவருக்கு அவ்வளவு சந்தோஷம்."

"யாரு மாத்தினது?"

"நீங்கதான்... சார் போன் பண்ணினாரே, உங்க சார்பா."

"என் சார்பாவா?"

செயலாளர் அம்மா எதையோ மிதித்துவிட்டதைப் போல இரண்டடி பின்வாங்கினார். "நீங்க பேச மாட்டீங்க, எதுவா இருந்தாலும் சார்கிட்ட பேசிக்கங்கன்னு எல்லாரும் சொன்னாங்க மேடம். இன்னிக்கு ஏற்புரையும் சார்தான். நீங்க மேடையில அந்தக் கன்னுக்குட்டிய வரையுங்க, அவர் பேசுவார். படத்த அங்கேயே ஏலம் விட்டுடுவோம். சர்டிபிகேட் எல்லாம் பிரிண்ட் ஆயிடுச்சு."

பெண்ணைக் கௌரவிக்கிற விழாவாம்! அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை இந்தப் புண்ணியவதிகளுக்கு. அவளுக்கு உச்சந்தலையில் சூடு ஏறியது. பெயின்ட் கம்பெனிக்காரர் யாரென்று கேட்கவே வேண்டாம். வருஷா வருஷம் ஸ்டூடியோவுக்குக் காலண்டர் வேலை தருகிறவர். அண்ணன் பெண்ணின் படங்களும் அவளுக்கு நினைவிருந்தன. நடிகர் முகங்கள்.

நடையில், அடுக்கிவைத்த நாற்காலிகளுக்குப் பக்கத்தில் வாய் சார் ஒரு துண்டுச் சீட்டைப் பார்த்து ஏற்புரையை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவள் அந்தச் சீட்டைப் பிடுங்கினாள்.

"என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கீங்க?"

"மெதுவா பேசும்மா. எல்லாரும் இருக்காங்க."

"இருக்கட்டும்! என் பேரச் சொல்லி யாருக்குத் தூக்கிக் குடுத்தீங்க?"

"இதப் பாரு, காலண்டர் நம்ம கையை விட்டுப் போகற மாதிரி இருந்துச்சு. அவரே வாய்விட்டுக் கேட்டார். எப்படி மாட்டேன்னு சொல்றது? அந்தக் கரிக்கட்டைப் பொண்ணுக்கு அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருஷம் அது கடையில உக்காந்து ரீசார்ஜ் போட்டுட்டு இருக்கும்யா! நான் வாக்குக் குடுத்திருக்கேன். வரும்போதே பாத்துப் பேசிட்டுதான் வந்தேன், அம்மாவும் பொண்ணும் கிளம்பி வந்து கடைசி வரிசையில உக்காந்திருக்காங்க. போய்ப் பாருங்க, அந்த முகத்தப் பாத்துட்டு வந்து சொல்லுங்க!"

"சரி சரி, நான் பேசிக்கறேன் அவங்ககிட்ட. எடுத்துச் சொன்னா புரிஞ்சுப்பாங்க" என்றார் அவர். அவள் கையிலிருந்து சீட்டை மெதுவாக உருவி, மடிப்பை நீவிவிட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "எல்லாம் நம்ம ஸ்டூடியோவோட நல்லதுக்குத்தானே நாம பண்றோம்?"

நாம! அந்த வார்த்தைதான் அவளைப் பற்றவைத்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் கண்முழித்துப் போட்ட ஒவ்வொரு கோட்டையும் அந்த 'நாம' தின்று ஏப்பம் விட்டிருக்கிறது. தின்றால் தின்னட்டும், கோடு நாளைக்கும் போடலாம். இன்றைக்கு அது ஒரு பெண்பிள்ளையின் படிப்பையல்லவா தின்ன வாயைத் திறக்கிறது? மேலே பேசினால் அவர்தான் ஜெயிப்பார். கைப்பையைத் திறந்து பிளேடை எடுத்தாள். ஒரு தடித்த கரிப் பென்சிலை எடுத்து, அங்கேயே நின்றபடி சீவ ஆரம்பித்தாள். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் அவளுக்கு ஒரு பென்சில் சீவிக் கொடுத்தது கிடையாது.

மேடையில், கூடத்தைப் பார்த்து நின்று வரைகிற மாதிரி மேஜைபோல் சாய்த்துப் போட்ட பெரிய வரைபலகை. அதற்கு நேராக ஒரு காமிரா. அவள் போடுகிற ஒவ்வொரு கோடும் பின்னால் சுவரளவு திரையில் தெரியும். பலகையின் முன்னால் நிற்கிறவளுக்குக் கூடம் முழுக்கக் கண்ணில் படும். முன்வரிசையில் பெயின்ட்காரர், பக்கத்தில் அவருடைய அண்ணன் பெண். எல்லாவற்றுக்கும் பின்னால், தண்ணீர்க் கேன்கள் அடுக்கிய சுவரோரம், வெள்ளை வெளேரென்று துவைத்த துப்பட்டாவோடு அந்த அம்மா. அவள் தோளை ஒட்டி, மடியில் ஒரு அட்டைப் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மெலிந்த ஒரு பெண்.

வாய் சார் மைக்கைப் பிடித்தார். "எங்க வீட்ல வரையறது அவங்க டிபார்ட்மென்ட்..." கூடம் சிரித்தது.

அவள் கன்றுக்குட்டியை வரையவில்லை. ஒரு நாற்காலியை வரைந்தாள். பக்கத்தில் இன்னொன்று.

வாய் சார் திரையைத் திரும்பிப் பார்த்தார். அவர் புருவம் ஒரு கணம் ஏறியது. அவ்வளவுதான். காக்காயைப் பார்த்து அசராத மனிதர் நாற்காலியைப் பார்த்தா அசருவார்? "நாற்காலி!" என்றார் கம்பீரமாக. "கன்னுக்குட்டியத்தானே எதிர்பாத்தீங்க? இல்ல. ஏன் நாற்காலி? ஒவ்வொரு பொண்ணும் வாழ்க்கையில எவ்வளவு நேரம் காத்துக்கிட்டு இருக்கா! ஆஸ்பத்திரியில காத்திருக்கா, ஆபீஸ்ல காத்திருக்கா, யாராவது தன் பேரக் கூப்பிடுவாங்களான்னு காத்திருக்கா!" கைதட்டல். அவருக்குச் சூடு பிடித்துவிட்டது. இனி அவரே நினைத்தாலும் நிறுத்த முடியாது. அது அவளுக்குத் தெரியும். அவள் ஆத்திரம் முழுக்க விரல்நுனிக்கு இறங்கியிருந்தது.

கடைசி நாற்காலியில் அவள் ஒரு பெண்ணை உட்காரவைத்தாள். மெலிந்த தோள், மடியில் அட்டைப் பை, அதை இறுக்கிய விரல்கள். கூடத்தின் கடைசி வரிசையைப் பார்ப்பதும் வரைவதுமாக, முகத்தைக் கோடு கோடாகக் கொண்டுவந்தாள்.

"கடைசி நாற்காலியில ஒரு பொண்ணு!" என்றார் வாய் சார். "யார் இந்தப் பொண்ணு? என் மனைவி எங்க பாக்கறாங்கன்னு பாருங்க. கற்பனை இல்ல சார் இது, இங்கதான் இருக்கா! எல்லாரும் கொஞ்சம் பின்னால திரும்பிப் பாருங்க!"

கூடம் மொத்தமும் திரும்பியது. அந்தப் பெண் பயந்துபோய் எழுந்து நின்றுவிட்டாள். திரையிலும் அவள், சுவரோரமும் அவள். "ஆ" என்று ஒரு சத்தம் எழுந்து, கைதட்டல் கூரையை இடித்தது. அந்தச் சத்தத்தில் வாய் சார் மிதந்துகொண்டிருந்தபோது கை மேடம் படத்துக்குக் கீழே எழுத்துப் போட்டாள். பெரிய, தடித்த எழுத்து. வந்ததை வந்தபடி அவர் உரக்கப் படித்தார்.

"இந்த வருஷம் நான் தேர்ந்தெடுத்த பெண்! ஆமா, இவதான், இந்தப் பொண்ணுதான் இந்த வருஷம் உதவித்தொகை..."

அப்போதுதான் தான் படித்தது என்னவென்று அவருக்குப் புரிந்தது. முன்வரிசையில் பெயின்ட்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். மேடையிலிருந்த சங்கத் தலைவி அம்மா செயலாளரைப் பார்க்க, செயலாளர் தரையைப் பார்த்தார். கூடமோ எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தது. யாரால் அதைத் திருப்பி வாங்க முடியும்? வாய் சாருக்கு வேர்த்துவிட்டது. ஆனால் அவர் யார்? விழுந்த இடத்தையே தன் இடமாக்கிக்கொள்கிற ஆளாயிற்றே. ஒரே மூச்சில் நிமிர்ந்தார்.

"ஆமா! நாங்க ரெண்டு பேரும் ராத்திரி பகலா உக்காந்து, அத்தனை படத்தையும் பாத்து, நாமளே பாத்துத் தேர்ந்தெடுத்த பொண்ணு!" என்று சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் அவள் பக்கம் திரும்பினார். "என்ன, சரியா சொன்னேனா?"

அவள் தலையை ஆட்டவில்லை. பென்சிலைக் கீழே வைத்தாள், புடவைத் தலைப்பில் கரியைத் துடைத்தாள், அவர் கையிலிருந்த மைக்கை வாங்கினாள்.

"இல்ல" என்றாள்.

எழுந்து நின்றவர்கள் ஒருவர்பின் ஒருவராக உட்கார்ந்தார்கள்.

"நாம தேர்ந்தெடுக்கல. நான் தேர்ந்தெடுத்தேன். இவர் என்னக் கேக்காம மாத்தினார். நீங்களும் என்னை ஒரு வார்த்தை கேக்காம மாத்தி, சர்டிபிகேட்டும் அடிச்சிட்டீங்க. என்னக் கௌரவிக்கத்தானே கூப்பிட்டீங்க? சால்வை போத்தறதுக்கு முன்னாடி, உனக்கு என்னம்மா வேணும்னு ஒருத்தராவது கேட்டீங்களா? எனக்கு வாய் இருக்கு. நல்லாவே இருக்கு. வேணும்னா எங்க பக்கத்து வீட்ல கேட்டுப் பாருங்க." யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "பொண்ணே, மேல வாம்மா."

பெயின்ட்காரர் விருட்டென்று எழுந்து வெளியே போனார். அண்ணன் பெண் மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு மேடையைப் பார்த்து, "ஆன்ட்டி, சத்தியமா நான் கேக்கவே இல்ல. சித்தப்பாதான்..." என்றாள். அவள் காது மடல் சிவந்திருந்தது. அவளைக் கேட்காமலும்தான் எவரோ எதையோ பேசி முடித்திருக்கிறார்கள் என்று கை மேடத்துக்கு அப்போதுதான் உறைத்தது. "தெரியும்மா, நீ உக்காரு" என்றாள்.

தலைவி அம்மா காதருகே வந்து, "சர்டிபிகேட்ல வேற பேரு அடிச்சாச்சே மேடம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"வெறும் தாள் இருந்தா குடுங்க. எழுத்துப் போடறதுதானே என் வேலை" என்றாள் அவள். அங்கேயே பலகையில் தாளைப் பொருத்தி, அந்தப் பெண்ணின் பெயரைத் திரை முழுக்கத் தெரிகிற மாதிரி நிதானமாக எழுதினாள். கீழே போட்ட கையெழுத்தில் ஸ்டூடியோவின் பெயர் இல்லை. தலைவி அம்மா வேறு வழியில்லாமல் பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது சாயங்கால வெயில் காரின் முன்கண்ணாடியில் கூசியது. பாதி வழியில், சிக்னலில் நின்றபோது, வாய் சார் உடைந்தார்.

"எல்லார் முன்னாடியும் என்னை அசிங்கப்படுத்திட்டே."

"எல்லார் முன்னாடியும்தானே என் பேர வித்தீங்க?"

"காலண்டர் போச்சு."

"போகட்டும்."

"நாளைக்குப் பால் கம்பெனில மீட்டிங் இருக்கு. உன் வாயாலயே கெடுத்தேல்ல, இனிமே நீயே போய்ப் பேசு."

"பேசறேன்."

அவர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். அவள் விளையாடவில்லை என்பது தெரிந்தது. பச்சை விழுந்து, பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்துத் தீர்த்தது. அவர் காரைக் கிளப்பாமல், இத்தனை வருஷத்தில் முதல்முறையாகப் பதில் தெரியாமல் கேட்டார்.

"அப்ப நான் என்ன பண்றது?"

அவள் கைப்பையைத் திறந்து, மழுங்கிப்போன அந்தக் கரிப் பென்சிலையும் பிளேடையும் எடுத்து அவர் மடியில் போட்டாள்.

"சீவுங்க."